சவுக்கால் அடித்தவரும் ஊன்றுகோலோடு வந்தவரும் ஒரே ஆளா? (ஹிந்தி நடிகர் பிராண்)

லிந்தாங் ரோடு மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் காலத்து ஹிந்திப் படம் தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் உதவ வேண்டும்.

என் அம்மாவுக்கு வரும் தைப்பூசத்தோடு 74 முடிகிறது. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்து வீட்டை விட்டு வெளியாகி, இப்போது டவுன் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) ஒன்றில் தம்பியோடு இருக்கிறார். எனக்கு ஈப்போவில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு இரவு திரும்பிவிடுவேன். அப்பா போன பிறகு அம்மாவுக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. தம்பி தன் பழைய கைபேசியை டிவியோடு இணைத்துக் கொடுத்திருக்கிறான். தமிழ்ப் படமெல்லாம் பார்த்துத் தீர்ந்துவிட்டதாம், இப்போது பழைய ஹிந்திப் படங்கள் ஓடுகின்றன. ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாது. கீழே மலாய் எழுத்து ஓடினால் பாதியைப் படிப்பார், மீதிக் கதையை அவரே கட்டிக்கொள்வார்.

போன சனிக்கிழமை ‘ராம் அவுர் ஷ்யாம்’. நம் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ கதைதான். திலீப் குமாரைச் சவுக்கால் விளாசும் அக்கா புருஷனைப் பார்த்து அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் ‘உப்கார்’. அதில் ஒரு கால் இல்லாத ஒருவர் கிராமத்தில் திரிந்துகொண்டு, ஊரில் யாருக்கும் பயப்படாமல் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறார். அவர் பாடும் பாட்டுக்கு அம்மா அழுதே விட்டார். பாட்டு முடிந்ததும் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, “ஏய், இவன் நேத்து சவுக்கால அடிச்சவன்ல?” என்று கேட்டார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தோம். அவரேதான். பிராண்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அமிதாப் படத்தில் சிவப்புத் தாடியோடு வரும் பட்டாணியர் வேஷம் மட்டும். இவர் எப்போது மாறினார், எதனால் மாறினார்? அப்புறம், அம்மாவுக்குப் போட்டுக் காட்ட நாலைந்து படம் வரிசையாகச் சொல்ல முடியுமா? அதற்கு மேல் பொறுமை இருக்காது. வில்லனாகவே வரிசை கட்டிவிடாதீர்கள், அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது.


கப்சாய் 70 எழுதியது:

தங்கச்சி, இதற்கு ஒரு வரி போதும். அவர் ஹிந்தி நம்பியார். ‘ஸஞ்சீர்’ படத்தில் அமிதாப்போடு சேர்ந்து திருந்தினார், அதுவரைக்கும் கெட்டவர், அவ்வளவுதான். வடநாட்டில் பிள்ளைகளுக்குப் பிராண் என்று பேர் வைக்கவே பயந்தார்கள் என்று என் அப்பா சொல்லுவார். நம் பக்கம் மட்டும் என்ன, எந்தத் தோட்டத்தில் எவன் தன் பிள்ளைக்கு நம்பியார் என்று பேர் வைத்தான்?

ரீல்காரர் அண்ணன் இந்நேரம் தூங்கியிருக்க மாட்டார். அவர் வந்தால் முழு நீளக் கதை வரும், தே தாரிக் கலக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.


ரீல்காரர் எழுதியது:

தம்பி கூப்பிட்டுவிட்டார், வராமல் எப்படி. ஆனால் தம்பி, நீங்கள் ஆறு வருடம் பிந்திவிட்டீர்கள். ‘ஸஞ்சீர்’ 1973. ‘உப்கார்’ 1967.

இந்தக் கேள்வியில் ஒரு விசேஷம் இருக்கிறது, கேட்ட பிள்ளைக்கே தெரிந்திருக்காது. அம்மா சனிக்கிழமை பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை பார்த்ததும் ஒரே வருடத்துப் படங்கள். இரண்டும் 1967. ஒரே வருடத்தில் அந்த மனுஷர் ஒரு கையில் சவுக்கும் இன்னொரு கையில் ஊன்றுகோலுமாக நின்றார். அம்மா ஒரு ராத்திரி இடைவெளியில் பார்த்ததை நாங்கள் இங்கே சில வார இடைவெளியில் பார்த்தோம். எங்களுக்கும் அதே குழப்பம்தான்.

நான் பார்த்தேன் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. அப்போது எனக்கு 18 வயது. பால் வெட்டப் போகச் சொன்ன அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு டவுன் தியேட்டரில் ரீல் தூக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இளையவர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். ஒரு படத்துக்குப் பெட்டி ஒன்றுதான் வரும். ஹிந்திப் படம் என்றால் 16, 17 ரீல். அதை இங்கேயும் கோலாகங்சாரிலும் ஒரே ராத்திரி ஓட்டுவார்கள். இங்கே ஏழு மணிக்கு ஆரம்பித்தால் அங்கே எட்டேகால். நாலு ரீல் ஓடி முடிந்ததும் டப்பாக்களைக் கித்தான் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிளில் சாலாக் வழியாகப் பறப்பேன். அங்கே கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் அடுத்த நாலு தயாராக இருக்கும். அதனால் எந்தப் படமும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். இங்கே ஒரு கால்மணி, அங்கே ஒரு கால்மணி. நடுவில் நடந்ததை வாசலில் கச்சான் (கடலை) விற்பவரிடம் கேட்டுக்கொள்வேன்.

‘ராம் அவுர் ஷ்யாம்’ ஓடிய இரண்டாம் நாள் மழை. சாலாக் தாண்டியதும் செயின் அறுந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கோலாகங்சாரில் ஜனம் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஆபரேட்டர் டப்பா எண்ணைப் பார்க்கவில்லை, பின்னால் வர வேண்டிய ரீலை முன்னால் மாட்டிவிட்டார். என்ன ஆயிற்று? சாதுவான அண்ணன் போய் முரட்டுத் தம்பி வந்து பிராணை அதே சவுக்கால் வாங்கு வாங்கென்று வாங்கும் காட்சி முதலில் வந்துவிட்டது. 65 காசு சீட்டில் ஒரே விசில். அது முடிந்து அடுத்த ரீல் சுற்றினால், அடி வாங்கிய மனுஷர் ஒரு காயமும் இல்லாமல் மறுபடி சவுக்கோடு படியிறங்கி வருகிறார்! திரையின் மேல் கச்சான் தொலி, செருப்பு, எல்லாம் பறந்தன. என் அடுத்த நாள் சம்பளமும் பறந்தது. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது, கதை தலைகீழாகப் போனாலும் அந்த முகத்தின் மேல் இருந்த வெறுப்பு ஒரு பிடி குறையவில்லை.

இப்போது ‘உப்கார்’. அதே தியேட்டர், ஏறக்குறைய அதே ஜனம். ஊன்றுகோலோடு பிராண் வந்து நின்றதும் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “கால் பொய், பாத்துக்கிட்டே இரு, கடைசியில கட்டையைப் போட்டுட்டு ஓடுவான்.” டிக்கெட் கிழிக்கும் மலாய்க்கார நண்பனிடம் ஐம்பது காசு பந்தயம் கட்டினேன். அவனுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு மலாய் அரைகுறை, இரண்டு பேருக்கும் ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. ஆனால் பிராண் கெட்டவன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் மட்டும் என்ன நினைத்தானோ, கால் நிஜம் என்று சாதித்தான். ஒவ்வொரு நாலு ரீலுக்கும் திரும்பி வந்து, ஓடிட்டானா, ஓடிட்டானா என்று கேட்பேன். ஓடவே இல்லை. ஐம்பது காசு போயிற்று.

மாற்றம் எங்கே நடந்தது என்று கேட்டீர்களே, நான் சொல்வது இதுதான்: முதலில் மாறியது நாங்கள்தான், அவர் இல்லை. அதே கண், அதே அடித் தொண்டைக் குரல், வசனத்துக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவாரே அதே நிறுத்தம். பத்தொன்பது இருபது வருடமாக நம் வயிற்றைக் கலக்கியதெல்லாம் அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டே நல்லதைப் பேசினார். பேசுகிறவர் பயமுறுத்தியே பழகியவர் என்பதால் ஊரே வாயை மூடிக்கொண்டு கேட்டது. புதுமுகம் யாராவது அந்த வேஷத்தைப் போட்டிருந்தால் நொண்டிக் கிழவன் ஒருவன் புத்தி சொல்கிறான் என்று எழுந்து வெளியே வந்து சிகரெட் பற்ற வைத்திருப்போம்.

ஆனால் அவர் வில்லனாகவும் பிறக்கவில்லை. இதை எனக்கு முதலில் சொன்னது தியேட்டர் ஜாகா (காவலாளி). வங்காளிப் பெரியவர், அதாவது சீக்கியர். இங்கே நாம் அப்படித்தானே சொல்லுவோம். லாகூர்ப் பக்கத்துக்காரர். திரையில் பிராண் வந்ததும் எழுந்து நிற்பார், கேட்டால், எங்கள் ஊரில் இவன் கதாநாயகன் தெரியுமா என்பார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். பிற்பாடு படித்துப் பார்த்தால் அத்தனையும் நிஜம். 1920இல் பழைய டில்லியில் பிறந்தவர், படம் பிடிக்கும் தொழில் கற்றவர். லாகூரில் ஒரு வெற்றிலைக் கடையில் நின்றவரை ஒரு கதாசிரியர் பார்த்து, 1940இல் ‘யம்லா ஜட்’ என்ற பஞ்சாபிப் படத்தில் சேர்த்துவிட்டார். 1942இல் ‘கான்தான்’ படத்தில் நூர்ஜஹானுக்கு ஜோடி. அந்தப் பெண் சின்னப் பிள்ளை, உயரம் போதவில்லை என்று நெருக்கமான காட்சிகளில் செங்கல் மேல் நிற்க வைத்து எடுத்தார்களாம். மரத்தைச் சுற்றிப் பாட்டுப் பாடுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

1947 ஆகஸ்டில் லாகூரை விட்டு பம்பாய்க்கு வந்தபோது அவர் யாரென்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. மாதக் கணக்கில் படம் இல்லை, ஓட்டல் வேலை கூடப் பார்த்திருக்கிறார். 1948இல் ‘ஸித்தி’ கிடைத்தது. எழுத்தாளர் மண்டோவும் நடிகர் ஷ்யாமும் சொல்லி வாங்கிக் கொடுத்த வாய்ப்பு என்பார்கள். தேவ் ஆனந்த் மேலே வந்ததும் அதே படத்தில். அதற்கு அடுத்த வருடம் ‘படி பெஹன்’, வாயிலிருந்து புகை வளையம் வளையமாக விடுவது அதில்தான். நம் லயத்துப் பையன்கள் அதைப் பார்த்துப் பழகித் தண்டலிடம் ரோத்தான் அடி வாங்கிய கதை தனி.

வில்லன் வேஷத்திலும் ஒரே மாவை அரைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1958இல் ‘மதுமதி’ ஜமீன்தார், நல்ல உடை, குரலை உயர்த்தவே மாட்டார். இரண்டு வருடம் கழித்து ‘ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹதி ஹை’ படத்தில் கொள்ளைக்காரன் ராகா. அதில் அடிக்கடி விரலைக் கழுத்துப் பட்டைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார், தூக்குக் கயிறு இப்போதே இறுக்குகிற மாதிரி. வசனமே வேண்டாம், அவன் பயந்தவன் என்று மொழி தெரியாத எங்களுக்கே புரிந்துவிடும்.

நம் ஆட்களுக்கு இன்னொரு சுவாரஸ்யம், அவர் நம் கதைகளில் எத்தனை முறை வந்திருக்கிறார் என்பது. ‘மலைக்கள்ளன்’ ஹிந்தியில் 1955இல் ‘ஆஸாத்’ ஆனபோது பிராண் இருந்தார். ‘பாகப்பிரிவினை’ 1965இல் ‘கான்தான்’ ஆனது. பழைய படத்தின் அதே பேர்தான், குழம்பிக்கொள்ளாதீர்கள். அதில் எம்.ஆர். ராதா வேஷம் இவருக்கு. ராதா சிங்கப்பூர்ச் சிங்காரமாக வந்து நம் பக்கத்தையே நையாண்டி செய்தார். பிராண் ஹிட்லர் மீசை ஒட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ராதாதான் பிடிக்கும். இதில் பிராணால் அவரை நெருங்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். அப்புறம் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் நம்பியார் செய்த கஜேந்திரன்தான் ‘ராம் அவுர் ஷ்யாம்’ படத்தின் கஜேந்திரா. இரண்டையும் எடுத்தவர் ஒரே டைரக்டர், சாணக்யா. நம்பியார் கையைப் பிசைவார், புருவத்தைத் தூக்குவார், உடம்பு முழுக்க வில்லத்தனம் வழியும். பிராண் அசையாமல் நிற்பார்.

1973க்கு வருவோம். ‘ஸஞ்சீர்’ படத்தைத் தம்பி சொன்னார், சரி. கேட்ட பிள்ளை சொன்ன அந்தச் சிவப்புத் தாடிப் பட்டாணியர், ஷேர் கான், அதில்தான். அந்தப் படத்துக்குப் பெரிய நடிகர்கள் பலர் ஒத்துக்கொள்ளாமல் போன பிறகு, அமிதாப் பச்சனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டைரக்டர் பிரகாஷ் மெஹ்ராவிடம் சொன்னவர்களில் பிராணும் ஒருவர். அடுத்த வருடமே அது தமிழில் ‘சிரித்து வாழ வேண்டும்’. அதில் இன்ஸ்பெக்டரும் எம்.ஜி.ஆர்., அந்த ரஹ்மான் வேஷமும் எம்.ஜி.ஆர். ஹிந்தியில் பிராண் செய்ததை வாத்தியார் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். ஒரு காலத்து வில்லனின் வேஷத்தை எம்.ஜி.ஆர். தனக்கே எடுத்துக்கொண்டார் என்றால், ஏழு வருடத்தில் அது எங்கே போய் நின்றது!

மணி இரண்டு ஆகிறது. காலையில் கோயில் கூட்டம் இருக்கிறது. படப் பட்டியல் நாளைக்கு.


பாடாங் ரெங்காஸ் டீச்சர் எழுதியது:

ரீல்காரர் ஐயா எழுதினால் எதிர்த்துப் பேசவே மனம் வராது. ஆனாலும் இரண்டு இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை.

ஒன்று, பார்த்தவர்கள் மாறினார்கள், அவர் அப்படியே இருந்தார் என்பது. 1967இல் அவருக்கு 47 வயது. பின்னாலேயே புது வில்லன் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ‘உப்கார்’ படத்திலேயே பாருங்கள், கெட்டுப்போகும் தம்பியாக வருவது பிரேம் சோப்ரா. இடம் கைமாறுவது அதே படத்திலேயே தெரிகிறது. மாறாவிட்டால் ஒதுக்கியிருப்பார்கள். அதோடு அந்த யோசனையும் அவருடையது இல்லை. எழுதி இயக்கிய மனோஜ் குமார் துணிந்து கொடுத்தார். அந்தப் பாட்டை வில்லன் நடிகருக்குக் கொடுப்பதா, மன்னா டே பாடிய அருமையான பாட்டு வீணாகிவிடுமே என்று இசையமைத்த கல்யாண்ஜி ஆனந்த்ஜியே தயங்கினார்கள் என்று படித்திருக்கிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்பே பகத் சிங் பற்றிய ‘ஷஹீத்’ படத்தில் மனோஜ் குமார் நடித்தார், அதில் சிறையில் கூட இருக்கும் கொள்ளைக்காரனாகப் பிராண். முரடன்தான், ஆனால் தூக்குமேடைக்குப் போகும் முன் அந்த முகம் இளகும். ‘உப்கார்’ விதை அதில் இருக்கிறது.

இரண்டு, நல்லவரான பிறகு எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. எண்பதுகளில் எத்தனை படத்தில் கோபக்கார அப்பா, ஓய்வு பெற்ற போலீஸ்! எங்கள் வீட்டில் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலம் அது. பிராண் விக்கைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவோம். 350 படத்துக்கு மேல் நடித்தவருக்கு அத்தனையும் முத்தாக இருக்காது, உண்மைதான். ஆனால் வில்லனாக இருந்தபோது அவர் எடுத்துக்கொண்ட சிரத்தை சில அப்பா வேஷங்களில் இல்லை.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ‘உப்கார்’ படத்துக்கு ஃபிலிம்ஃபேர் துணை நடிகர் விருது வாங்கினார். ‘பேஈமான்’ (1972) படத்துக்கும் அதே விருது கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். காரணம், அந்த வருடம் இசைக்கான விருது ‘பேஈமான்’ படத்துக்கே போனது. அது ‘பாகீஸா’ படத்துக்கு இசையமைத்த குலாம் முகம்மதுக்குப் போயிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. குலாம் முகம்மது படம் வருவதற்கு முன்பே 1968இல் இறந்துவிட்டவர். தன் படத்துக்குக் கிடைத்த விருது தவறு என்று சொல்லித் தன் விருதையும் விட்டவர். என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் சம்பவம் இது, அவர்களுக்குப் பிராணும் தெரியாது, பாகீஸாவும் தெரியாது, இருந்தாலும் சொல்லுவேன்.


கப்சாய் 70 எழுதியது:

டீச்சர் சிவப்பு மையில் திருத்திவிட்டார். அண்ணனுக்கு எத்தனை மார்க்?

அப்புறம் நம்பியார் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன். அவரும் 1982இல் பாக்யராஜின் ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் குஸ்தி வாத்தியாராக வந்து எல்லாரையும் சிரிக்கவும் அழவும் வைத்தாரே. வெளியே சபரிமலை குருசாமி, சைவம். அதனால் ஹிந்தி நம்பியார் என்று சொன்னது சரிதான்.


ரீல்காரர் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். ‘ஷஹீத்’ விஷயத்தில் நான் தோற்றேன். அந்தப் படம் இங்கே ஓடியபோது நான் இன்னும் ரீல் தூக்க வரவில்லை, பிற்பாடும் பார்க்காமல் விட்டுவிட்டேன். எண்பதுகளின் அப்பா வேஷமும் நீங்கள் சொல்கிற மாதிரிதான். ஆனால் ‘டான்’ (1978) மட்டும் தனி. நொண்டிக்கொண்டே நடக்கும் பழைய சர்க்கஸ்காரர், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கயிற்றில் நடப்பார். ‘பில்லா’வில் அதைத் தேங்காய் சீனிவாசன் செய்தார். தேங்காயை எனக்குப் பிடிக்கும், ஆனாலும் அந்தக் கயிற்றுக் காட்சியில் வயிறு கலங்கியது பிராணைப் பார்த்துத்தான்.

தம்பி, நம்பியார் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னேனா? ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. நம்பியார் குஸ்தி வாத்தியாராக வந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. வயசான காலத்துக் கனிவு என்று நாமே ஏற்றுக்கொண்டோம். பிராண் அடிக்கிற கை தளராத வயசிலேயே சவுக்கைக் கீழே வைத்தார்.

ஒன்று மறந்துவிட்டேன். சின்ன வயதில் சிம்லாவில் ராம்லீலா போட்டபோது பிராண் சீதை வேஷம் கட்டியிருக்கிறார். ராமர் யார் தெரியுமா? மதன் பூரி. அவரும் பிற்பாடு பேர் போன வில்லன். ‘உப்கார்’ படத்தில் குடும்பத்தைக் கெடுக்கும் சித்தப்பா அவர்தான். அதாவது ராமர் கெடுக்கிறார், சீதை ஊன்றுகோலோடு வந்து தட்டிக் கேட்கிறார். அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

சரி, பட்டியல். ரத்தக் கொதிப்பை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். அடுத்து ‘மதுமதி’ போடுங்கள். வில்லன்தான், ஆனால் பாட்டும் மலையும் பனியும் நிறைய, கோபம் ஏறி இறங்கிவிடும். அதற்கு அடுத்து நேராக ‘விக்டோரியா நம்பர் 203’ (1972). அசோக் குமாரும் பிராணும் இரண்டு கிழட்டுத் திருடர்கள், சிரித்துக்கொண்டே பார்க்கலாம். மூன்றாவது ‘பரிச்சய்’, அதே வருடம், குல்ஸார் எடுத்தது. தாய் தகப்பன் இல்லாத பேரப் பிள்ளைகளிடம் அன்பு காட்டத் தெரியாத தாத்தா. மீசையும் கைத்தடியும் மட்டும்தான், வேறு வேஷமே இல்லை. எனக்கு அவர் செய்ததிலேயே மிகப் பிடித்தது அது. கடைசியில் ‘ஸஞ்சீர்’. போலீஸ் ஸ்டேஷனில் ஷேர் கான் உட்காரப் போகும்போது அமிதாப் நாற்காலியை எட்டி உதைக்கும் இடத்தில் மட்டும் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், மக்சிக் மறுபடி வந்துவிடப் போகிறார்.

படத்தின் ஆரம்பத்தில் பேர் ஓடும்போது பாருங்கள். மற்ற நடிகர் பேரெல்லாம் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் தனியாக, ‘மற்றும் பிராண்’ என்று வரும். பல படங்களில் அப்படித்தான். கோலாகங்சார் தியேட்டரில் படிக்கத் தெரியாதவர்கள் கூட அந்தக் கடைசிப் பேருக்குக் காத்திருந்து கத்துவார்கள். வில்லனாக இருந்தபோதும் கடைசிப் பேர்தான், நல்லவரான பிறகும் கடைசிப் பேர்தான்.

அந்த வங்காளி ஜாகா போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. 2013இல் பிராணுக்கு தாதாசாகேப் பால்கே விருது கொடுத்தார்கள். உடம்பு முடியாததால் மந்திரி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அதே வருடம் ஜூலை 12ஆம் தேதி, 93 வயதில் இறந்தார். செய்தியைப் படித்தபோது, எழுந்து நிற்க அந்த ஜாகா இல்லையே என்று நினைத்தேன்.


லிந்தாங் ரோடு மகள் எழுதியது:

ஐயா, டீச்சர், கப்சாய் அண்ணன், எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

‘மதுமதி’ பார்த்தோம். மக்சிக்கும் தட்டில் கரிபாப்போடு வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம், அர்த்தம் மட்டும் தெரியாது. ஜமீன்தார் வந்ததும் மக்சிக் “இத்து டியா, ஓராங் ஜாஹாட்” (அதோ அவன், கெட்டவன்) என்றார். அம்மா பெரிய மனுஷி மாதிரி, “பொறுங்க, பின்னால நல்லவனாயிடுவான்” என்று தமிழிலேயே சமாதானம் சொன்னார். அந்தப் படத்தில் அவர் நல்லவர் ஆகவே இல்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் அவமானமாகிவிட்டது.

ராமர் சீதை கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. “அப்ப ராவணன் யாரு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

‘விக்டோரியா’ பாதியில் தூங்கிவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு பத்து மணிக்கே தூக்கம் என்பதால் நான் எழுப்பவில்லை.

நேற்று ‘பரிச்சய்’. ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரை பார்த்தார். தாத்தா கைத்தடியை எடுக்கும்போதெல்லாம் அம்மாவின் கால்விரல் சுருங்குவதைக் கவனித்தேன். படம் முடிந்ததும் நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

“நல்லாதான் இருந்துச்சு. ஆனா நான் எங்க கதையைப் பாத்தேன்? அவன் கையையேல்ல பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

தம்பி காலையில் ரத்தக் கொதிப்புப் பார்த்தான். 138. அடுத்த சனிக்கிழமை ‘ஸஞ்சீர்’.